ஜீப் ராங்லர் ஹார்டு டாப்: கழற்றிய கூரையை எங்கே, எப்படி வைப்பது?

ராங்லரின் ஹார்டு டாப்பை, அதாவது கழற்றி மாட்டக்கூடிய கடினக் கூரையை, கழற்றுவது அரை மணி நேர வேலை. சிக்கல் அதைத் திரும்ப மாட்டும்போதுதான் வரும். நாளைக் காலை மழை என்று இன்றிரவு தெரிந்தால், அந்தக் கூரையைத் தூக்கி வண்டிமேல் வைக்க வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்? இதற்கு உள்ளபடி பதில் சொல்லிக்கொண்டால், ஹாய்ஸ்ட் என்னும் தூக்குக் கருவியில் மேலே தொங்கவிடுவதா, தள்ளுவண்டியில் நிறுத்துவதா, தரையில் கிடத்துவதா என்ற குழப்பம் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். விலையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை செலவு செய்கிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 2007 முதல் 2018 வரை வந்த ஜே.கே., 2018இலிருந்து வரும் ஜே.எல். ஆகிய இரண்டு தலைமுறை வண்டிகளுக்குப் பொருந்தும். இடம் என்று வரும்போது அமெரிக்கா, கனடா வீடுகளின் கராஜை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறோம். டொராண்டோவில் இருப்பவர் மே மாதம் கழற்றினால் அக்டோபரில் மாட்டினால் போதும். ஹூஸ்டனில் கோடை மழை மதியத்துக்கு மேல் சொல்லாமல் வரும். இருவருக்கும் ஒரே தீர்வு சரிப்படாது.

முழுக் கூரையும் கழற்றத்தான் வேண்டுமா?

இந்த இரண்டு தலைமுறையிலும் ஹார்டு டாப் மூன்று துண்டு. முன்இருக்கைகளுக்கு மேலே இடம் வலமாக இரண்டு ஃப்ரீடம் பேனல்கள், அவற்றுக்குப் பின்னே பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் சேர்ந்த ஒரே பெரிய துண்டு. ஒரு ஃப்ரீடம் பேனல் சுமார் 10 கிலோ. கருவி எதுவும் வேண்டாம். கொக்கிகளைத் திருப்பி, திருகுக் குமிழைக் கழற்றி, முன்கண்ணாடிச் சட்டத்தின்மேல் இருக்கும் கிளிப்பை விடுவித்தால் ஒருவரே எடுத்துவிடலாம். இடப்பக்கப் பேனலின் விளிம்பு வலப்பக்கப் பேனலின்மேல் படிந்திருக்கும். அதனால் எடுக்கும்போது இடது முதலில், மாட்டும்போது வலது முதலில். இந்த வரிசையை மாற்றினால் நடுவில் இருக்கும் ரப்பர் மடங்கிக்கொள்ளும். அடுத்த மழையில் மடிமேல் தண்ணீர் சொட்டும்.

வார இறுதியில் இரண்டு மணி நேரம் தலைக்குமேல் வானம் தெரிய ஓட்டவேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேனலையும் அதற்கென்று விற்கும் தடுப்பு வைத்த பையில் போட்டுப் பின்னால் வைத்துவிட்டால் மழை வந்த இடத்திலேயே ஐந்து நிமிடத்தில் மூடிவிடலாம். பை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மேல்பேனலின் கொக்கி கீழ்ப்பேனலின் பெயின்டைக் கிழித்துவிடும். வருடத்தில் மூன்று முறைக்குக் குறைவாகவே முழுத் திறப்பு தேவைப்படும் என்று தோன்றினால், ஹாய்ஸ்டுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள் என்பதே எங்கள் யோசனை.

கழற்றும் முறை, ஏன் அது முடிவைத் தீர்மானிக்கிறது

நான்கு கதவு வண்டியின் பின்துண்டு ஏறக்குறைய 60 முதல் 70 கிலோ. இரண்டு கதவு வண்டியில் கொஞ்சம் குறையும். எடையைவிட வடிவம்தான் தொல்லை: இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு பெட்டி, அடியும் முன்பக்கமும் திறந்தது, கைக்குப் பிடிமானம் கிடையாது, கண்ணாடியும் வைப்பர் மோட்டாரும் இருப்பதால் கனம் முழுக்கப் பின்பக்கம். ஜீப் நிறுவனத்தின் கையேடு மூலைக்கு ஒருவராக நான்கு பெரியவர்கள் வேண்டும் என்கிறது. இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தூக்கலாம்தான். ஆனால் ரோல் பாருக்கு (வண்டிக்குள் தலைக்குமேல் ஓடும் பாதுகாப்புக் குழாய்ச் சட்டம்) மேலே உயர்த்தி, பின்பக்கமாக ஸ்பேர் டயரைத் தாண்டி நடக்கும்போது, பின்னால் இருப்பவரின் கைக்குக் கனம் கூடிக்கொண்டே போகும். கூரை வண்டியின் பக்கச்சுவரில் உரசுவதும், அடி ரப்பர் கிழிவதும் அந்த நாலடி நடையில்தான்.

ஜே.எல். நான்கு கதவு வண்டியில் போல்ட்டுகள் எட்டு: முன்கதவுக்குப் பின்னால் மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உள்பக்கச் சுவரோரமாக ஆறு. எல்லாம் டி-50 டார்க்ஸ், அதாவது ஆறுமுனை நட்சத்திரக் குழி வைத்த தலை. வண்டியோடு வரும் கருவிப் பையிலேயே பிட் இருக்கும். பழைய வண்டியில் பிட் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்புங்கள். ஒரு அளவு சிறிய பிட்டும் உள்ளே போகும். போய், தலையை மொழுக்கிவிடும். உப்புத் தூவும் ஊரில் ஓடிய வண்டி என்றால் முந்தின நாளே ஒவ்வொரு போல்ட்டிலும் துருநீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

அவசரத்தில் மறந்துபோவது பின்பக்க இடது மூலை. பின்கண்ணாடியின் சூடேற்றும் கம்பிக்கும் வைப்பருக்கும் மின்சாரம் போகும் ஒயர்க்கொத்து அங்கேதான் இணைகிறது. ஜே.எல். வண்டியில் அந்த இணைப்பானில் சிவப்பு நிறப் பூட்டு ஒன்று உண்டு. முதலில் நகத்தால் சிவப்பை வெளியே இழுக்க வேண்டும், பிறகு நாக்கை அழுத்திக்கொண்டு இணைப்பானைப் பிரிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் பக்கத்திலேயே கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய். அதைப் பிரித்ததும் சில சொட்டுத் தண்ணீர் வரும், ஒரு துணியை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஹாய்ஸ்டில் இழுத்தால் இயந்திரத்துக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இழுத்து ஒயர்க்கொத்தைப் பிய்த்துவிடும். மனிதர்கள் தூக்கினால் ஒருவருக்காவது ஏதோ பிடிக்கிறதே என்று கையில் தெரியும். ஹாய்ஸ்ட் வைத்திருப்பவர்கள் அந்த மூலையை இரண்டு முறை பார்க்க வேண்டியது இதனால்தான்.

தூக்குவதற்கு முன் பின்கதவை முழுக்கத் திறந்து, பின்கண்ணாடியை மேலே உயர்த்தி, முன்கதவுகளையும் திறந்து வையுங்கள். தூக்கி முடித்ததும் கண்ணாடியை இறக்கி அப்படியே விட்டுவிடாதீர்கள். வண்டியில் இருக்கும்போது அந்தக் கண்ணாடியைக் கீழே பிடித்து வைப்பது பின்கதவு. கூரை தனியே இருக்கும்போது பிடிக்க எதுவும் இல்லை, கண்ணாடியை மேலே தள்ளும் கேஸ் ஸ்ட்ரட் தண்டுகள் அதைத் திறக்கத்தான் பார்க்கும். அகல நாடாவையோ மென்மையான பட்டையையோ சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

மேலே தொங்கவிடுவது

சொந்த வீடு, நல்ல உயரமான கராஜ், மாதம் ஒரு முறையாவது கழற்றும் வழக்கம், தனியாளாகச் செய்யவேண்டிய நிலை: இந்த நாலும் சேர்ந்தால் ஹாய்ஸ்டுக்கு நிகர் எதுவும் இல்லை. வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, போல்ட்டைக் கழற்றி, உயர்த்தி, வண்டியை வெளியே எடுத்தால் முடிந்தது. கூரை தரையைத் தொடுவதே இல்லை. மாட்டும்போதும் வந்த வழியே இறங்கும்.

மூன்று வகை கிடைக்கும். நான்கு முனையில் கப்பி வைத்து ஒரே கயிற்றால் இழுப்பது, கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை உருளையில் சுருட்டும் வின்ச், மின்மோட்டார். கயிற்று வகையில் நான்கு மூலையும் சேர்ந்தே உயரும், கூரை ஆடாது, எடையும் நான்கு இடமாகப் பிரியும். கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பல்பிடியை மட்டும் நம்பிவிடாமல், முனையைச் சுவரில் ஒரு கொம்புக் கிளீட்டில் (கயிறு கட்டும் இரட்டைக் கொம்புப் பிடி) எட்டு வடிவில் சுற்றிக் கட்ட வேண்டும். கவ்வியில் இருக்கும் கயிற்றைத் தெரியாமல் ஒரு பக்கமாக இழுத்தாலே விடுபட்டுவிடும். குழந்தைகள் நடமாடும் கராஜில் கிளீட்டை ஆறடி உயரத்தில் வையுங்கள்.

கைவின்ச் வாங்கினால் பெயரில் 'பிரேக் வின்ச்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். படகு இழுக்கும் டிரெய்லர்களில் வரும் சாதாரண ராட்செட் வின்சில், இறக்கும்போது பூட்டை விடுவித்ததும் முழு எடையும் கைப்பிடிக்கு வந்துவிடும். பிடி நழுவினால் கைப்பிடி விசிறிபோலச் சுழன்று மணிக்கட்டை உடைக்கும், கூரையும் விழும். பிரேக் வின்சில் கையை எடுத்த இடத்தில் அது நிற்கும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை.

மின்மோட்டார் சுகமானது. ஆனால் பெட்டியில் இரண்டு எடை அளவு போட்டிருப்பார்கள். பெரிய எண் கம்பியைக் கொக்கிக் கப்பி வழியாக மடக்கிப் போட்டால் மட்டும் பொருந்தும். மேலும், இந்த மலிவு மோட்டார்கள் பாரத்தைத் தூக்கி இறக்கத்தான், மாதக்கணக்கில் தாங்கி நிற்க அல்ல. மேலே ஏற்றியபின் இரண்டு ராட்செட் பட்டைகளை வேறு விட்டங்களில் தனியாக மாட்டி, எடையை அவற்றுக்கு மாற்றிவிட்டு மோட்டாரைத் தளர்த்திவிட வேண்டும். எந்த வகை ஹாய்ஸ்டாக இருந்தாலும் கோடை முழுதும் தொங்கப்போகிறது என்றால் இந்த இரண்டாம் பிடிமானம் தேவை. கீழே நிற்பது கார் மட்டுமாகவே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இனி மேல்தளம், அதாவது கராஜின் உட்கூரை. கூரையும் தூக்குச் சட்டமும் சேர்ந்து 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முனை ஹாய்ஸ்டில் முனைக்கு 20 கிலோ சுமாராக வரும், பின் முனைகளில் கூடுதல். ஒற்றைக் கொக்கியில் முழு 75 கிலோவும் ஒரே புள்ளியில். பழைய வீடுகளில் மேலே கனமான மரவிட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் இந்த இரண்டில் எதையும் பெரும்பாலும் தாங்கும். புதிய வீடுகளில் பெரும்பாலும் ஆணித்தகடு அடித்த டிரஸ் (மெல்லிய கட்டைகளை முக்கோணமாக இணைத்த சட்டம்), 24 அங்குல இடைவெளி. அதன் கீழ்க்கட்டை பல வீடுகளில் டிரைவாலை (ஜிப்சம் பலகை) தாங்குவதற்கு மேல் அதிகம் எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. அங்கே ஒற்றைக் கொக்கியை ஒரே கட்டையில் முறுக்குவது தவறு. மேலே பரணுக்குள் போக வழி இருந்தால், மூன்று அல்லது நான்கு டிரஸ்களுக்குக் குறுக்கே ஒரு 2×6 பலகையைப் படுக்கவைத்து, கண்போல்ட்டை அதன் வழியாகக் கீழே இறக்கி, மேலே பெரிய வாஷர் போட்டு முடுக்குங்கள். பாரம் பல கட்டைகளுக்குப் பரவும், கட்டையில் துளையும் விழாது. சந்தேகம் இருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

மரவிட்டத்தில் நேரடியாகப் பூட்டுபவர்கள் விட்டத்தின் நடுவைக் கண்டுபிடிக்கச் சோம்பல்படக் கூடாது. விட்டத்தின் உண்மையான தடிமன் ஒன்றரை அங்குலம்தான். மரவிட்டம் தேடும் உணர்கருவி காட்டும் இடத்தில் மெல்லிய ஆணியை அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்திப் பாருங்கள். ஆணி மரத்தில் கடினமாக இறங்குகிற முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் குறித்தால் நடு தெரிந்துவிடும். பிறகு குறுக்குப் பலகை வைத்து, கால் அங்குல முன்துளை போட்டு, 3/8 அங்குலத் தடிமன், 5 அங்குல நீள லேக் திருகு (மரத்தில் முறுக்கும் தடித்த திருகு). பலகையும் டிரைவாலும் இரண்டு அங்குலம் விழுங்கிவிடும், மிச்சம் ஏறக்குறைய மூன்று அங்குலம் விட்டத்துக்குள் இறங்கும். டிரைவாலில் மட்டும் பிடிக்கும் பிளாஸ்டிக் ஆங்கர் இங்கே கதைக்கே உதவாது.

உயரத்தை அளக்காமல் ஆர்டர் போடுபவர்கள் அதிகம். வண்டி கூரையோடு சுமார் 1.87 மீட்டர், எட்டடி மேல்தளம் 2.44 மீட்டர். இடையில் இருப்பது 57 சென்டிமீட்டர், அதில் கப்பியும் கொக்கியும் 15 எடுத்துக்கொள்ளும். மிச்ச உயர்த்தலில் கூரையின் அடிவிளிம்பு ரோல் பாரின் உச்சியைத் தாண்டாமல் போகலாம். இதற்கு ஒரு வழி உண்டு: வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டு, முன்பக்கமாக வெளியே எடுப்பது. கூரையின் முன்பக்கம் திறந்திருப்பதால் ரோல் பார் அந்த வழியே நழுவி வந்துவிடும். அடிவிளிம்பு பக்கச்சுவரையும் ஸ்பேர் டயரின் உச்சியையும் தாண்டினால் போதும். முதல் முறை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள்.

கராஜ் கதவு மேலே சுருண்டு படுக்கும் இடத்தையும், அதைத் திறக்கும் மோட்டாரின் தண்டவாளத்தையும் பாருங்கள். ஒற்றைக் கார் கராஜில் அந்தத் தண்டவாளம் சரியாக நடுவில், நீங்கள் கொக்கி மாட்ட நினைக்கும் இடத்தில்தான் ஓடும். நான்கு முனை ஹாய்ஸ்ட் அதன் இருபக்கமும் பிரிந்து நின்றாலும், கூரையின் உச்சி தண்டவாளத்தில் முட்டும். சுவரோரமாகக் கதவின் அச்சில் பூட்டும் வகை மோட்டாருக்கு மாற்றுவதுதான் வழி. அந்தச் செலவையும் சேர்த்து ஹாய்ஸ்டின் விலையைக் கணக்கிடுங்கள்.

தள்ளுவண்டியில் நிமிர்த்தி நிறுத்துவது

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்றது இதுதான். மேல்தளத்தில் ஒரு துளையும் வேண்டாம், வீடு மாறினால் கூடவே வரும். கூரையை நிமிர்த்தி நிறுத்துவதால் சுவரோரம் ஒரு அலமாரி பிடிக்கும் இடம்தான் போகும். மூடுதுணியோடும் ஃப்ரீடம் பேனல் மாட்டும் கொக்கிகளோடும் வருபவை உண்டு.

குறை வெளிப்படை: வண்டியிலிருந்து தள்ளுவண்டிவரை கூரையை மனிதர்கள்தான் தூக்க வேண்டும், பிறகு அதை நிமிர்த்தவும் வேண்டும். நிமிர்த்தும் அந்த நொடியில் எடை முழுதும் ஒரு விளிம்பில் நிற்கும். அந்த விளிம்பில் ரப்பர் பட்டை இருந்தால் நசுங்கும், கண்ணாடி இருந்தால் சொல்லவே வேண்டாம். தள்ளுவண்டியின் தாங்கிகள் கூரையின் ஃபைபர் உடம்பைத் தொடுகின்றனவா, கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று வாங்கும் முன் படத்தில் பாருங்கள். சக்கரம் சிறிதாக இருந்தால் கராஜ் தரையின் வெடிப்பில் மாட்டி முன்பக்கம் சாயும். நான்கு அங்குலத்துக்குக் குறையாத, பூட்டுள்ள சக்கரங்கள் நல்லது. நிறுத்திய பின் சுவர்க்கட்டையில் ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள்.

அடுக்கக வீட்டுக்காரர்கள் மாத வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பு அறையில் வைப்பதும் இப்படித்தான் சாத்தியம். 5×10 அடி அறையில் கூரையைக் கிடத்தினால் கதவிலேயே இடிக்கும். அறை எடுக்கும் முன் கதவின் அகலத்தை அளங்கள், அறையின் அகலத்தை அல்ல.

தரையில் கிடத்துவது

வருடத்துக்கு ஒரு முறை கழற்றி ஒரு முறை மாட்டுபவருக்கு இதைவிட மலிவான, இதைவிடக் கெடுதல் குறைந்த வழி இல்லை. 2×4 கட்டையில் கூரையின் அடி அளவுக்கு ஒரு சட்டம், மூலைக்கு ஒரு சக்கரம், மேலே குழாய் உறையிடும் நுரையோ பழைய கம்பளமோ. கூரை வண்டிமேல் உட்கார்ந்திருப்பதுபோலவே இதன்மேல் உட்காரும். எந்த விளிம்பும் அதற்குப் பழக்கமில்லாத பாரத்தைத் தாங்க வேண்டியதில்லை. தலைகீழாகக் கவிழ்த்து வைக்காதீர்கள். உச்சி வளைந்திருப்பதால் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் நின்று, பெயின்ட் அங்கேயே தேயும்.

இதற்கு நான்கு பேர் வேண்டும், அதற்கு மாற்றே இல்லை. மே மாத முதல் சனிக்கிழமை நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, இலை போடும் முன் கூரையை இறக்கிவிடுங்கள். அக்டோபரில் இன்னொரு சாப்பாடு. ஹாய்ஸ்டைவிட இது மலிவு.

கராஜே இல்லாமல் வெளியே வைப்பதானால் நிலைமை வேறு. 60 கிலோ எடைக்கு இந்தக் கூரையின் பரப்பு மிக அதிகம், பலத்த காற்று அதைப் புரட்டிவிடும். தரையிலிருந்து 4×4 கட்டைகளில் உயர்த்தி, இரண்டு இடத்தில் மண்ணில் அடித்த நங்கூர ஆணிகளோடு கட்ட வேண்டும். நீல நிறத் தார்ப்பாயைத் தளர்வாகப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. காற்றில் படபடத்துப் படபடத்து, இடையில் சேர்ந்த தூசியோடு உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பெயின்டையும் கண்ணாடியையும் தேய்க்கும். உடம்போடு ஒட்டிய உறைதான் போட வேண்டும். உள்கூரையில் துணிப் பலகை ஒட்டியிருந்தால் அதைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், எலி கூடு கட்ட அதுதான் முதல் இடம். ஒரு கோடைக்கு மேல் வெளியே வைக்கத்தான் வேண்டும் என்றால், கூரையை வண்டிமேலேயே விட்டுவிட்டு ஃப்ரீடம் பேனல்களோடு திருப்திப்படுவது நல்லது.

மாட்டும்போது கசிவு வராமல் இருக்க

எந்த வழியில் வைத்திருந்தாலும் திரும்ப மாட்டும் வரிசை ஒன்றுதான். அடி ரப்பரையும் வண்டியின் பக்கச்சுவர் விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு சிறு கல் போதும் தண்ணீர் உள்ளே வர. கூரையை நேராக இறக்குங்கள், வைத்தபின் இழுத்துச் சரிசெய்தால் ரப்பர் உருண்டுவிடும். எல்லா போல்ட்டையும் கையாலேயே நாலைந்து சுற்று போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போதே முடுக்கிவிடக் கூடாது. முதலில் வலது பேனல், பிறகு இடது பேனல், கிளிப்புகளைப் பூட்டி, முன்னால் கண்ணாடிச் சட்டத்தோடும் பின்னால் பெரிய துண்டோடும் இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்துண்டு தளர்வாக இருப்பதால் அது அரை சென்டிமீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்ந்து கொடுக்கும். அதன்பிறகுதான் பின்துண்டின் போல்ட்டுகளை மாறிமாறி முடுக்க வேண்டும். முன்கதவின் மேல்மூலையில் தோளில் சொட்டும் தண்ணீருக்குப் பெரும்பாலும் இந்த வரிசை தவறியதே காரணம். ரப்பரை மாற்றிப் பயனில்லை. போல்ட்டைக் கையழுத்தத்துக்கு மேல் மின்கருவியால் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் மரை பிய்ந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

ஒயர்க்கொத்தை இணைத்து, சிவப்புப் பூட்டை உள்ளே தள்ளி, தண்ணீர்க் குழாயைச் சொருகி, பின் வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒருவர் உள்ளே உட்கார, தோட்டக் குழாயால் கூரையின் மூன்று இணைப்புகளிலும் இரண்டு நிமிடம் தண்ணீர் விடுங்கள்.